சிறப்பிதழுக்கு அழைப்பு வந்திருக்கிறது, அனுப்பலாமா?

அன்புள்ள ஆய்வு மாணவர்களுக்கு,

தமிழ்நாட்டுக் கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் விலங்கியல், தாவரவியல், மரபியல் துறைகளில் இருந்துகொண்டு பரிணாமம் சார்ந்த கேள்விகளோடு மல்லுக்கட்டும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். தனித்தனியாகப் பதில் போட்டு மாளவில்லை. எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: “சார், ஒரு ஜர்னல்ல சிறப்பிதழுக்குக் கட்டுரை கேட்டிருக்காங்க. அனுப்பலாமா?”

யார் கேட்டிருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள். பிஎச்.டி.யில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத பிள்ளைக்கு “மாண்புமிகு பேராசிரியர் அவர்களே, இத்துறையில் தங்களுடைய தலைசிறந்த பங்களிப்பைக் கண்டு வியந்தோம்” என்று மின்னஞ்சல் வந்தால், அது உங்களைப் பார்த்து எழுதியதல்ல. உங்கள் கைடின் பணப்பையைப் பார்த்து எழுதியது. இப்படிப்பட்ட சிறப்பிதழ்கள் என்ன பாடு படுத்தின என்பதற்கு ஹிண்டாவி பதிப்பு நிறுவனமே போதும். வைலி அதை 2021-இல் விலைக்கு வாங்கியது. அந்த நிறுவனத்தின் சிறப்பிதழ்களுக்குள் காசுக்குக் கட்டுரை எழுதித் தரும் கும்பல்கள் புகுந்திருந்தன. தங்களுக்குள்ளேயே மதிப்பீட்டாளர்களை நியமித்துக்கொண்டு ஒருவர் கட்டுரையை ஒருவர் பாஸ் பண்ணிவிட்டார்கள். 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதே ஆண்டுக் கடைசியில் ஹிண்டாவி என்ற பெயரையே கைவிடப்போவதாக வைலி அறிவித்தது. அந்த இதழ்களில் நேர்மையாக எழுதியவர்களும் இருந்தார்கள். இன்று அவர்கள் பயோடேட்டாவில் அந்த வரியைப் பார்க்கும் யாரும் ஒரு கணம் தயங்கத்தான் செய்வார்கள்.

அதனால் சிறப்பிதழ் என்றாலே மோசடி என்று ஒதுங்கிக்கொள்பவர்களும் நம்மிடையே உண்டு. அதுவும் தப்பு.

லண்டன் ராயல் சொசைட்டியின் ‘பிலசாபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ 1665-இல் தொடங்கியது. 1887-இல் ஏ, பி என்று இரண்டாகப் பிரிந்தது. உயிரியலுக்கான ‘பி’ இன்று ஒவ்வொரு இதழையும் ஒரு கருப்பொருளைச் சுற்றித்தான் கட்டுகிறது. எழுதுவோரில் பெரும்பாலோர் சிறப்பாசிரியர்களால் அழைக்கப்பட்டவர்கள். ‘அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்’ 1867-இலிருந்து வருவது. அதை நடத்தும் சங்கத்தின் துணைத்தலைவர் ஒரு கருப்பொருளை எடுத்துக் கருத்தரங்கு கூட்டுவார், அதில் படித்த கட்டுரைகள் சேர்ந்து வெளிவரும். ஐரோப்பியப் பரிணாம உயிரியல் சங்கத்தின் ‘ஜர்னல் ஆஃப் எவல்யூஷனரி பயாலஜி’ 2013-இல் செய்தது வேறு விதம். கலப்பினம் எப்படிப் புதிய இனம் உருவாவதற்குத் துணையாகவோ தடையாகவோ இருக்கிறது என்று ஒரு பெருங்கூட்டமே சேர்ந்து நீண்ட கட்டுரை ஒன்றை எழுத, அதை ஒட்டியும் வெட்டியும் மற்றவர்கள் எழுதிய சிறு குறிப்புகளைப் பின்னாலேயே அச்சிட்டார்கள். இனம் தோன்றுதலைப் படிக்கும் எவரும் இன்றும் அதைத் தாண்டிப் போவதில்லை. அந்தக் குறிப்புகளுள் பலவும் சில பக்கங்களே. தனியாக வந்திருந்தால் யார் கண்ணிலும் பட்டிருக்காது.

நம் ஊர்க் கவியரங்கத்தில் தலைப்பைக் கொடுத்த பிறகு கவிஞர் எழுதுகிறார். நல்ல சிறப்பிதழில் அப்படியல்ல, பாட்டு ஏற்கெனவே கையில் இருக்க வேண்டும், தலைப்பு அதைத் தேடி வர வேண்டும். நீங்கள் நான்கு வருஷம் பார்த்த வேலைக்கு ஒரு சிறப்பிதழின் கேள்வி பொருந்தினால் அனுப்புங்கள். பொருந்தவில்லையென்றால் எத்தனை பெரிய ஜர்னலானாலும் விட்டுவிடுங்கள். நான் சொல்ல வருவது இவ்வளவுதான், ஆனால் இந்தப் ‘பொருந்துதல்’ என்பதை உங்களில் பலர் தப்பாகப் புரிந்துகொள்வதால் ஒரு தென்னை மரத்தைக் காட்டிப் பேசுகிறேன்.

மரபியல் அறிஞர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-இல் லண்டனை விட்டுக் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்துக்கு வந்தார். தான் ஆசிரியராக இருந்த ‘ஜர்னல் ஆஃப் ஜெனிடிக்ஸ்’ இதழையும் கூடவே கொண்டுவந்தார். பேட்சனும் பன்னெட்டும் 1910-இல் தொடங்கிய இதழ் அது. இங்கே விலையுயர்ந்த கருவி இல்லை என்று அவர் அழவில்லை. கண்ணும் பொறுமையும் எண்ணத் தெரிந்த மூளையும் இருந்தால் செய்யக்கூடிய ஆய்வுகளை இளைஞர்களிடம் கொடுத்தார். அவரோடு வேலை பார்த்தவர்களுள் ஒருவர் டி.ஏ. டேவிஸ், தென்னை ஆராய்ச்சிக்காரர். பிற்காலத்தில் நாகர்கோவிலில் ஹால்டேன் பெயரிலேயே ஆய்வு மையம் நடத்தியவர்.

டேவிஸ் எடுத்துக்கொண்ட கேள்வியை நீங்கள் இன்று சாயங்காலமே போய்ப் பார்க்கலாம். தென்னையில் மட்டைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருள் வட்டமாக விடுகின்றன. சில மரங்களில் அந்தச் சுருள் இடமாகவும் சில மரங்களில் வலமாகவும் போகும். உச்சிக்கு ஏற வேண்டியதில்லை. கீழே நின்றபடி, ஒரு மட்டையையும் அதன் கக்கத்திலிருந்து வரும் குலையையும் பார்த்து, குலை மட்டைக்கு எந்தப் பக்கம் ஒதுங்கித் தொங்குகிறது என்று கவனித்தாலே மரம் இடமா வலமா என்று சொல்லிவிடலாம். ஒரே தோப்பில் இரண்டும் கலந்தே நிற்கும். இந்த இடவலம் தாய் மரத்திலிருந்து பிள்ளைக்கு வருகிறதா? இடத்தோடு இடம், வலத்தோடு வலம், இடத்தோடு வலம் என்று சேர்த்துப் பிறந்த கன்றுகளை டேவிஸ் எண்ணிப் பார்த்தார். எந்தச் சேர்க்கையிலும் ஏறக்குறைய பாதிக்குப் பாதிதான் வந்தது. தென்னையில் இடவலம் பரம்பரையாக வருவதில்லை என்று 1962-இல் ‘ஜர்னல் ஆஃப் ஜெனிடிக்ஸ்’ இதழில் அவர் எழுதினார். தலைப்பிலேயே அந்த ‘இல்லை’ இருந்தது. அடுத்த ஆண்டு இன்னொரு கட்டுரை: இடச்சுருள் மரங்கள் கூடுதலாகக் காய்க்கின்றன என்று. பரம்பரையாக வராத ஒன்று விளைச்சலோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. இது எப்படி என்று தலையைச் சொறிய வைக்கும் செய்திதானே?

இப்போது வாருங்கள். 2016-இல் ‘பிலசாபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ் பி’ உயிர்களின் இடவல வேறுபாட்டுக்கென்றே ஒரு முழு இதழை ஒதுக்கியது. அப்படியொரு இதழுக்கு இன்று அழைப்பு வந்து, உங்கள் கையில் டேவிஸ் வைத்திருந்ததைப் போன்ற தகவல் இருந்தால், நீங்கள் என்ன செய்வீர்கள்? நம் பிள்ளைகளில் பாதிப்பேர், “சார், ரிசல்ட் நெகட்டிவ், யாரு போடுவாங்க?” என்று பீரோவுக்குள் வைத்துப் பூட்டியிருப்பார்கள். வழக்கமான இதழில் ‘இல்லை’ என்ற முடிவை விற்பது கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சிறப்பிதழில் பக்கத்துக் கட்டுரை நத்தையின் ஓடு எந்தப் பக்கம் சுற்றுவது என்பதை மரபணு தீர்மானிக்கிறது என்று சொல்லும். அதன் அருகே, தென்னையில் அப்படியில்லை என்று நீங்கள் சொன்னால், இரண்டும் சேர்ந்து ஒரு வாதமாகிவிடும். நத்தைக்காரருக்கும் நீங்கள் தேவை. சிறப்பாசிரியருக்கோ முன்னுரையில் எழுத நல்ல பத்தி ஒன்று கிடைத்த சந்தோஷம். எலி, ஈ, புழு என்று ஆய்வகத்து மாதிரி உயிர்களே நிறைந்த இதழ்களில் தென்னை, ஓணான், வயல் நண்டு என்று வருபவை குறைவு. அந்தக் குறையை நிரப்ப உங்களால் முடியும்.

பொருத்தம் என்பதைத் தலைகீழாகச் செய்வது எப்படி என்றும் பார்த்துவிடுவோம். மூன்று மாவட்டங்களில் ஆண் ஓணானின் தொண்டையும் தலையும் இனப்பெருக்கக் காலத்தில் எவ்வளவு சிவக்கின்றன என்று மூன்று பருவம் அளந்து வைத்திருக்கிறீர்கள் என்று வையுங்கள். பெண் ஓணான் அதிகம் சிவந்த ஆணைத் தேர்ந்தெடுக்கிறதா என்பதே உங்கள் கேள்வி. அந்த நேரம் பார்த்து ‘காலநிலை மாற்றமும் தகவமைப்பும்’ என்று ஓர் அழைப்பு வருகிறது. கைடு சொல்கிறார், “வெப்பநிலை டேட்டா வானிலை ஆய்வு மையத்தில் கிடைக்கும், ரெண்டு கிராஃப் சேர்த்துப் போட்டுடு.” சேர்க்காதீர்கள். மூன்று பருவத்தை வைத்துக்கொண்டு காலநிலை பற்றிப் பேச முடியாது என்பது எந்த மதிப்பீட்டாளருக்கும் முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும். நிராகரிப்புக் கடிதம் வருவதோடு முடியாது. பாலியல் தேர்வு பற்றிய அருமையான ஆய்வு ஒன்று, இல்லாத காலநிலைக் கட்டுரையாக வேஷம் போட்டு நின்றதில் அதன் உண்மையான கேள்வியையே இழந்திருக்கும். கைடிடம் இதை எப்படிச் சொல்வது என்கிறீர்களா? “சார், இது பாலியல் தேர்வு சிறப்பிதழுக்கு இன்னும் நல்லா பொருந்தும்” என்று சொல்லிப் பாருங்கள். ‘முடியாது’ என்ற வார்த்தையை விட ‘இன்னும் நல்லா’ நம் துறைகளில் சுலபமாகச் செல்லுபடியாகும்.

இனி வேலையின் நடைமுறை. பெரும்பாலான நல்ல அழைப்புகள் முழுக் கட்டுரைக்கு முன்னால் சுருக்கம் கேட்கும். கேட்காவிட்டாலும் சிறப்பாசிரியருக்கு நீங்களே எழுதுங்கள். அறிமுகமில்லாத பெரிய பேராசிரியருக்கு எப்படி எழுதுவது என்று கூச்சப்படுகிறீர்கள். அவர் அந்த வேலைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறார், பொருத்தமான கட்டுரை கிடைக்காமல் தவிப்பது அவர்தான். எந்த உயிர், எந்த இடம், எத்தனை மாதிரி, என்ன கேள்வி, என்ன கிடைத்தது, அழைப்பின் எந்த வரியோடு இது சேர்கிறது, இவை இருநூறு சொல்லுக்குள் அடங்கினால் போதும். அந்த இதழ் இதற்குமுன் வெளியிட்ட சிறப்பிதழின் முன்னுரை ஒன்றையாவது படித்துவிட்டு எழுதுங்கள். ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்ததிலிருந்து அரசுப் பல்கலைக்கழக, கல்லூரி மாணவர்களுக்கு ஜர்னல் கிடைக்கவில்லை என்ற சாக்கு பெருமளவு போய்விட்டது.

கவரிங் லெட்டர் விஷயத்தில் எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. “தங்கள் மதிப்புமிக்க இதழில் வெளியிடுவதற்காக எங்கள் எளிய முயற்சியைப் பணிவுடன் சமர்ப்பிக்கிறோம்” என்று தொடங்கிப் பத்து வரி வணக்கம் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுகிறீர்கள். கட்டுரையில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. இதற்குப் பதிலாக இப்படித் தொடங்கலாம்: “தென்னையில் இடவலச் சுருள் பரம்பரையாக வருகிறதா என்று எல்லா வகைச் சேர்க்கைகளிலும் சோதித்தோம். வரவில்லை. இடவல வேறுபாடு மரபணுவால் தீர்மானிக்கப்படுகிறது என்ற பொதுக்கருத்துக்கு இது விலக்கு என்பதால் இந்தச் சிறப்பிதழுக்கு அனுப்புகிறோம்.” ஆசிரியர் மேற்கொண்டு படிப்பார். அடக்கம் கட்டுரைக்குள் இருக்கட்டும், எவ்வளவு தெரியும் எவ்வளவு தெரியாது என்று பிரித்துச் சொல்லும் இடத்தில்.

பதிவேற்றும்போது இன்னொன்று. இணையப் படிவத்தில் கட்டுரை வகை என்ற இடத்திலோ, அடுத்த பக்கத்திலோ, சிறப்பிதழின் பெயரைத் தேர்வுசெய்யச் சொல்லும். அதைத் தவறவிட்டால் கட்டுரை பொது வரிசைக்குப் போய்விடும், சிறப்பாசிரியர் கண்ணிலேயே படாது. கெடு நெருங்கிய ராத்திரியில் பதற்றத்தோடு பதிவேற்றுபவர்கள்தான் பெரும்பாலும் இதில் சிக்குகிறார்கள். நாள் போதாது என்று தெரிந்ததும் நீட்டிப்புக் கேட்டு எழுதிவிடுங்கள். ஒன்றிரண்டு வாரம் கொடுப்பது வழக்கம்தான். சிறப்பிதழ் என்பதால் மதிப்பீடு இளகிவிடும் என்றும் நினைக்க வேண்டாம். நல்ல இதழ்களில் இரண்டு மூன்று பேர் வழக்கம்போலவே படித்துக் கிழிப்பார்கள்.

தரவு பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். ‘எவல்யூஷன்’, ‘அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்’ உள்ளிட்ட பரிணாம உயிரியல் இதழ்கள் பல ஒன்றுசேர்ந்து, கட்டுரையின் தரவைப் பொதுக் களஞ்சியத்தில் வைத்தே ஆக வேண்டும் என்று 2011-இல் விதி கொண்டுவந்தன. அதன் பயன் 2020-இல் உலகத்துக்கே தெரிந்தது. கூட்டமாக வாழும் சிலந்திகள் பற்றிய கட்டுரை ஒன்றை ‘அமெரிக்கன் நேச்சுரலிஸ்ட்’ திரும்பப் பெற்றது. சிலந்தி எவ்வளவு நேரம் கழித்து நகர்ந்தது என்று நொடிக் கணக்கில் எடுத்த அளவுகளில், வெவ்வேறு சிலந்திகளுக்கு நூற்றில் ஒரு நொடி வரை அச்சு அசலாக அதே எண்கள் திரும்பத் திரும்ப வந்திருந்தன. கண்டுபிடித்துச் சொன்னவர்களில் அந்தக் கட்டுரையின் இணையாசிரியரே ஒருவர். தனக்குக் கொடுக்கப்பட்ட எண்களை நம்பி எழுதிய தன் கட்டுரையைத் திரும்பப் பெறத் தானே முன்வந்தார். தைரியசாலி. உங்களுக்கு இதில் இருக்கும் பாடம் நடைமுறை சார்ந்தது: இன்னொருவர் எக்செல் கோப்பாக அனுப்பிய தரவை வாங்கி நேரே புள்ளியியல் மாதிரிக்குள் ஏற்றாதீர்கள். ஒருநாள் உட்கார்ந்து எண்களைக் கண்ணால் பாருங்கள். கள நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள், மழையில் நனைந்து மை கலைந்திருந்தாலும் சரி.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. பரிணாமத் துறையின் சங்க இதழ்கள் பலவற்றில் சந்தா வழியாக வெளியிட்டால் எழுதுபவர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை. திறந்த அணுக்கம் வேண்டும் என்று டிக் அடித்தால்தான் டாலரில் பில் வரும். அந்தக் கட்டத்தைப் படிக்காமல் டிக் செய்துவிட்டு, பிறகு கல்லூரி முதல்வர் அறைக்கும் நிதி அலுவலகத்துக்கும் அலைய வேண்டாம். ‘ஏற்றுக்கொண்டோம், 48 மணி நேரத்தில் பணம் கட்டவும்’ என்று அவசரப்படுத்தும் எந்த இதழும் உங்களுக்கு வேண்டாம். தீசிஸ் கொடுக்கும் முன் கட்டுரை வெளியாகியிருக்க வேண்டும் என்ற கட்டாயத்தை யுஜிசி 2022 விதிகளிலேயே எடுத்துவிட்டது. பல பல்கலைக்கழகங்கள் இன்னும் தங்கள் அளவில் வைத்திருக்கின்றன என்பது தெரியும். இருந்தாலும் உங்கள் பல்கலைக்கழகத்தின் இப்போதைய விதியைப் படித்துப் பார்த்துவிட்டுப் பயப்படுங்கள். சீனியர் சொன்னதை வைத்துப் பயப்படாதீர்கள்.

வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டில் பிடித்த உயிரை வைத்துச் சிறப்பிதழுக்கு எழுத முடியாது. அனுமதி எண்ணைக் கட்டுரையிலேயே கேட்பார்கள். மாதிரியை வெளிநாட்டு ஆய்வகத்துக்கு அனுப்புவதாக இருந்தால் 2002-ஆம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டம் குறுக்கே வரும். அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது, போய்க் கேட்கத் தூரமில்லை. அழைப்பின் கெடு ஆறு மாதம், அனுமதி வர ஆகும் காலம் அதைவிட அதிகமாகவும் இருக்கலாம். ஆகவே அழைப்பைப் பார்த்த பிறகு களத்துக்குப் போகலாம் என்ற திட்டமே வேண்டாம்.

கட்டுரை ஏற்கப்பட்டதும் அச்சுப்படி வரும். அதை நீங்களே பாருங்கள், கைடு பார்த்துக்கொள்வார் என்று விடாதீர்கள். 1858 ஜூலை 1-ஆம் தேதி லண்டன் லின்னேயன் சங்கத்தில் டார்வினின் எழுத்தும் வாலஸின் கட்டுரையும் சேர்த்துப் படிக்கப்பட்டன, சேர்ந்தே அச்சாயின. இயற்கைத் தேர்வு முதன்முதலாக அப்படித்தான் உலகத்துக்கு வந்தது. டார்வினுடையது முதலில், வாலஸுடையது பிறகு. ஏற்பாடு செய்தவர்கள் லயலும் ஹூக்கரும். வாலஸ் அப்போது மலாய்த் தீவுகளின் கோடியில் பூச்சி பிடித்துக்கொண்டிருந்தார். தன் கட்டுரை அச்சுக்குப் போனது அவருக்குத் தெரியாது, அச்சுப்படி திருத்தும் வாய்ப்பும் கிடைக்கவில்லை. பிறகு மகிழ்ந்தார் என்றாலும் அச்சுப்படி பார்க்காத விஷயத்தைக் குறிப்பிட மறக்கவில்லை. உங்களுக்கு அச்சுப்படி மின்னஞ்சலிலேயே வருகிறது. இனப்பெயர், அலகு, அட்டவணை எண், உங்கள் ஊர்ப்பெயரின் எழுத்து, இவை நான்கிலும்தான் பிழை அதிகம் தங்கும்.

நிராகரித்தால்? சிறப்பிதழுக்குப் பொருந்தவில்லை என்று மட்டும் எழுதியிருந்தால் அதே இதழின் பொதுப் பிரிவுக்கு மாற்ற முடியுமா என்று கேளுங்கள், பலர் சம்மதிப்பார்கள். ஆய்வில் ஓட்டை என்று எழுதியிருந்தால் ஓட்டையை அடைத்துவிட்டு வேறு இடம் பாருங்கள். ஹால்டேன் கொண்டுவந்த ‘ஜர்னல் ஆஃப் ஜெனிடிக்ஸ்’ இடையில் நின்றுபோய், 1985-இலிருந்து பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமியால் மீண்டும் வந்துகொண்டிருக்கிறது. எழுதுபவர்களிடம் காசு கேட்பதில்லை. அதை இரண்டாந்தரமாக நினைக்கும் மனப்பான்மை நம் துறைகளில் இருக்கிறது. எனக்கு அது துளியும் பிடிக்கவில்லை.

உங்கள் பீரோவில் கிடக்கும் ‘நெகட்டிவ்’ தரவை இந்த வாரம் வெளியே எடுங்கள். அதன் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிக் கைடிடம் காட்டுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும் சிறப்பிதழ் இப்போது திறந்திருந்தால் அதன் ஆசிரியருக்கு இருநூறு சொல்லில் எழுதுங்கள். இல்லையென்றால் பொது இதழுக்கு அனுப்பிவிடுங்கள், அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் கட்டுரைகளைப் படிக்கக் காத்திருக்கும் ஒரு மதிப்பீட்டாளர்